பாடி நடிப்பவன்

அறுவடை முடிந்து சூடடித்து நெல் வீடு வந்த பிறகுதான் இரணைமடுப் பக்கத்துச் சனத்துக்குக் கூத்துப் பார்க்க நேரம் வரும். விடிய விடிய இருந்து பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, “ஆளின்ரை குரல் எப்பிடி?” என்பதைத்தான். ஆட்டமும் உடுப்பும் அதற்குப் பிறகு.

கூத்தில் பல வகை உண்டு. வடமோடியில் ஆட்டம் வலியது. தென்மோடியில் பாட்டுக்கு இடம் கூட. காத்தவராயன் கூத்து மெல்லிய சிந்துநடையில் போகும். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்துக்குத் தனிப் பாங்கு உண்டு. இவை எல்லாவற்றிலும் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நடிகனைத் தாங்குவார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வழியில் தமிழகத்திலிருந்து வந்த இசை நாடகத்தில் ஆட்டம் குறைவு. அங்கே ஆர்மோனியமும் மிருதங்கமும் துணைக்கு இருந்தாலும், நடிகனின் தொண்டைதான் கதையைக் கொண்டுபோக வேண்டும்.

அதில் எங்கள் உரைகல் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). வசந்த கான சபாவை நடத்தி, ‘மயான காண்டம்’ நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். பிணம் எரிக்க வந்தவள் தன் மனைவி, கிடப்பது தன் பிள்ளை என்று தெரிந்த பின்னும் கால் பணமும் முழத்துண்டும் கேட்க வேண்டியவன் அதில் வரும் சுடலை காவலன் அரிச்சந்திரன். அந்த இடத்தில் பிருகா என்ற விரைவுச் சுர அசைவை நீட்டிக் கைதட்டு வாங்குவது லேசு. ஆனால் பாத்திரம் செத்துப்போகும். சொல் தெளிவாக விழவேண்டும், ராகம் துயரத்துக்கு அடங்கவேண்டும். வைரமுத்துவை இன்றும் சனம் அரிச்சந்திரனாகவே நினைப்பதற்கு, பாட்டையும் நடிப்பையும் அவர் பிரிக்காததே காரணம் என்பேன்.

திரைப்படமும் தொடக்கத்தில் இந்த வழியில்தான் நடந்தது. மேடையிலிருந்து போன எம். கே. தியாகராஜ பாகவதர் 1934இல் ‘பவளக்கொடி’யில் தானே பாடி நடித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஜீன் ஆட்ரி, குதிரையும் கிட்டாருமாகப் பாடும் மாட்டுக்கார நாயகனாக வெள்ளித்திரையில் புகழ்பெற்றார். அங்கும் சனம் தேடி வந்தது அந்த ஆளின் சொந்தக் குரலைத்தான். பின்னணிப் பாடகர்கள் வந்தபின் தமிழ்ப் படத்தில் குரல் வேறு, முகம் வேறாயிற்று. கூத்து மேடையில் மட்டும் இரண்டும் ஒருவரிடமே இருக்கின்றன.

ஒலிபெருக்கியை நம்பிச் சுருதியைக் கைவிடும் பழக்கம் இப்போது கூடிவருகிறது. பழக்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒத்திகையை ஒலிவாங்கி இல்லாமல் நடத்துங்கள். உயிரோடிருக்கும் அண்ணாவிமாரின் பாட்டுகளை இந்த ஆண்டே ஒலிப்பதிவு செய்துவையுங்கள்.