மருந்துச் சீட்டும் கீழ்க்கணக்கும்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் மூன்றுக்கு மருந்தின் பெயர். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்ற ஐந்து செடிகளின் வேர் சிறுபஞ்சமூலம். ஏலம், இலவங்கப்பட்டை, நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆறும் கூடியது ஏலாதி. முதல் நூலை எழுதிய நல்லாதனார் திருமாலை வாழ்த்துகிறவர். மற்ற இரண்டையும் எழுதிய காரியாசானும் கணிமேதாவியாரும் சமணர்கள். மாக்காயனார் என்ற ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் என்று சொல்வார்கள்.

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே இருக்கிற மேல்சித்தாமூரில் இந்த இரண்டு நூல்களும் சொந்த வீட்டுச் சொத்து மாதிரி. தமிழ்ச் சமணர்களின் மடம் அந்த ஊரில்தான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயில் இருக்கிறது. ஒரு பாறையில் பாகுபலியும் தீர்த்தங்கரர்களும் செதுக்கி வைத்தபடி நின்றுகொண்டிருக்கிறார்கள். கிழங்கையும் வேரையும் விலக்கிச் சாப்பிடுகிற ஒரு சமயத்துக்காரர், ஐந்து வேர்களின் பெயரைத் தம் நூலுக்கு வைத்தது எனக்கு எப்போதுமே வேடிக்கையாக இருக்கும். உணவுக்கு ஆகாதது மருந்துக்கு ஆகும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த மூன்று நூல்களையும் புகழ்கிறவர்கள், 'உடல் நோய்க்கு அந்த மருந்து, உள்ளத்து நோய்க்கு இந்த நூல்' என்று ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது விமரிசனம் ஆகாது. மருந்தின் பெயரை வைத்துக்கொண்டவர்கள் மருந்தின் குணத்தையும் எடுத்துக்கொண்டார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

ஏலாதியையே பாருங்கள். மருந்தாக அது தயாராகும்போது ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு. அளவுதான் அதன் உயிர். பாட்டிலோ ஆறு பொருள்களும் சம பங்காக வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. எது ஒரு பங்கு, எது ஆறு பங்கு என்று கவி சொல்வதில்லை. இன்னின்ன ஈந்தவன் அரசனாவான் என்று பல பாட்டுகளில் முடிந்துவிடுகிறது. ஈகை மனிதனுக்குள் எப்படி வேலை செய்கிறது, அளவு மீறினால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு இடமே இல்லை. வாயைத் திற, விழுங்கு, குணமாகும் என்கிற ஒரே ஏற்பாடு.

பழைய நூலின் மேல் இவ்வளவு குற்றம் சொல்வானேன் என்று கேட்கலாம். இன்றைக்கு நம் வீடுகளில் மிகவும் அதிகமாகப் புழங்குகிற எழுத்து மருந்துச் சீட்டுதான். இதே குறை அதிலும் இருக்கிறது. அங்கே அது உயிர் சம்பந்தப்பட்ட குறை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்துப் பாருங்கள். எறும்பு ஊர்கிற மாதிரி ஆங்கில எழுத்து. பதிவு பெற்ற டாக்டரின் உபயோகத்துக்கு மட்டும் என்று தலைப்பிலேயே வாசகனை வெளியே தள்ளிவிடுகிற ஒரு இலக்கியம் அது. தலைவலி, வாந்தி, அரிப்பு, ஈரல் கெடுதல், மரணம் என்று எல்லாம் சமபங்கில் வரிசையாக நிற்கும். அந்தத் தாளும் பெட்டியோடு கடையிலேயே நின்றுவிடுகிறது. நமக்கு வருவது கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டு; ஒரு துண்டில் பெயர், இன்னொரு துண்டில் காலாவதித் தேதி. மேலே ஒரு காகித உறை. அதில் '1—0—1' என்று எழுதியிருக்கும். கீழ்க்கணக்கில் எந்த வெண்பாவும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

'பக்க விளைவு' என்ற சொல்லைப் பற்றியும் எனக்கு ஒரு புகார் உண்டு. ராஜபாட்டையில் நல்ல குணம் நடந்து போகிறது, பக்கத்துச் சந்தில் கெட்ட குணம் ஒளிந்து வருகிறது என்று நினைக்க வைக்கிறது அந்தச் சொல். உண்மையில் பெரும்பாலும் இரண்டும் ஒரே காரியந்தான். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற எனலாப்ரில் என்ற மாத்திரை உடம்பில் ஒரு நொதியை அடக்குகிறது. அந்த நொதி ரத்தக் குழாயைச் சுருக்குகிற பொருளை உண்டாக்குவது. அதை அடக்கினால் குழாய் தளர்கிறது, அழுத்தம் குறைகிறது. ஆனால் அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பதும் அதுதான். சிதைக்க ஆள் இல்லாமல் அது சேர்ந்துபோகிறது. சிலருக்கு விடாத வறட்டு இருமல் வருகிறது. இருமலுக்கென்று பாட்டில் பாட்டிலாக மருந்து குடித்தாலும் நிற்காது. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றிக் கொடுப்பார், நின்றுவிடும்.

வலி மாத்திரையும் அப்படியே. ஆஸ்பிரினும் டைக்ளோபினாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களை உடம்பு தயாரிக்க விடாமல் தடுக்கின்றன. 1971-இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஜான் வேனுக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. முழங்காலில் வலியையும் வீக்கத்தையும் வளர்ப்பது அந்தப் பொருள்; இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பாற்றுவதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுவே. முழங்காலுக்குப் போன மாத்திரைக்கு வயிற்றில் வேலை செய்யாதே என்று யார் சொல்ல முடியும்? மாசக்கணக்கில் தாமாகவே வாங்கி விழுங்குகிறவர்களுக்குக் குடற்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வருவது இந்த வழியில்தான்.

நாட்டு மருந்துக்குப் பக்க விளைவே கிடையாது என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மிளகிலும் திப்பிலியிலும் பைப்பரின் என்ற சத்து இருக்கிறது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பெனிட்டாயின் போன்ற சில மருந்துகள் ரத்தத்தில் கூடுதலாக நிற்கும்படி அது செய்துவிடும். திரிகடுகச் சூரணம் சாப்பிடுகிறவர் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மேல்சித்தாமூரில் ஒரு முதியவர் தம்முடைய மாத்திரைப் பையை எனக்குக் காட்டினார். ஆசாரமான நயினார், அஸ்தமனத்துக்குமுன் சாப்பாட்டை முடித்துவிடுகிறவர். இரவில் தண்ணீரும் மருந்தும் மட்டும் அவருக்கு விலக்கில்லை. உறையில் அதே '1—0—1'. அட்டையில் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த சர்க்கரை மாத்திரை.

"ராத்திரி சாப்பாட்டோட போடச் சொன்னாங்க. எனக்கு ராத்திரி சாப்பாடே கிடையாதே. ஒம்பது மணிக்குத் தண்ணியில போட்டுக்கிறேன்" என்றார்.

"நடுராத்திரியில் ஏதாவது செய்கிறதா, ஐயா?"

"வேர்க்கும். கை நடுங்கும். பித்தம்னு விட்டுட்டேன்."

அது பித்தமில்லை. மெட்பார்மின் ஈரல் சர்க்கரையைக் கொட்டுவதைக் குறைக்கிறது. அது மட்டுமென்றால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். வயிற்றுப் புரட்டல், பேதி, நாட்பட்டால் பி12 வைட்டமின் குறைவு, இவைதான் அதன் தொல்லைகள். கிளிமிபிரைடின் சுபாவம் வேறு. சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது விசாரிக்காது. கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே விடச் செய்யும். எதிர்கொள்ள உணவு இல்லாவிட்டால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையே இறங்கிப்போகும். வியர்வை, நடுக்கம், பிறகு குழப்பம், மயக்கம். அந்தச் சமயத்தில் உடனே வாயில் சர்க்கரை போட வேண்டும். இவருடைய நியமமோ இரவில் எதையும் சாப்பிடாதே என்கிறது. அஷ்டமி, சதுர்த்தசி உபவாசம் வேறு. இவரிடம் டாக்டர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?" என்பது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேளையை மாற்றியோ மருந்தையே மாற்றியோ கொடுத்திருக்கலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம், மறுநாளே போய் இதை அப்படியே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மருந்தின் விளைவு அதைச் சாப்பிட்டவனோடு நிற்பதுமில்லை. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, பாரத தேசம் முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகளைக் கிட்டத்தட்ட அழித்தது. 2004-இல் காரணம் தெரிந்தது. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மாட்டின் மேல் இரக்கப்பட்டுத்தான் ஊசி போட்டான் மனிதன். ஈரெறும்பையும் பார்த்து நடக்கச் சொல்கிற அகிம்சைக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது: இரக்கத்துக்கும் அளவும் அறிவும் வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் குறளின் மருந்து அதிகாரம் மூன்று நூல்களையும் தாண்டி நிற்கிறது. அதையும் தங்கள் நூல் என்றே சமணர்கள் கொண்டாடுகிறார்கள். அந்த அதிகாரத்தில் மருந்துச் சரக்கின் பெயர் ஒன்றுகூட இல்லை. உண்ணும் அளவையும் வேளையையும் பற்றியே பாதிக்குமேல் பேசிவிட்டு, கடைசியில் மருத்துவத்தை நாலாகப் பிரிக்கிறார் வள்ளுவர்: நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிலிருந்து கொடுக்கிற உழைச்செல்வான். அந்த நாலாவது ஆளைக் கணக்கில் சேர்த்தாரே, அதுதான் பெரிய கவியின் கண். நயினார் விஷயத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நாலாவது ஆள் இல்லை.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு தொடங்கியபோது, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கப் பெண்களை நியமித்தார்கள். நல்ல காரியம். உழைச்செல்வான் திரும்பி வருவதற்கு அது ஒரு வழி. ஆனால் வாசலுக்கு வருகிறவரிடம் மாத்திரை மட்டும் இருந்தால் போதாது. சொல்லும் இருக்க வேண்டும்.

எழுதுகிறவன் என்ற முறையில் நான் கேட்பது கொஞ்சந்தான். ஒவ்வொரு மருந்து உறைமேலும் பெரிய தமிழ் எழுத்தில் ஐந்தே ஐந்து வரி: இது எதற்கு, உடம்பில் என்ன செய்யும், எந்தச் சாப்பாட்டோடு, சாப்பிடாத நாளில் என்ன செய்வது, எந்தத் தொல்லை வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், எது வந்தால் உடனே ஓட வேண்டும். காரியாசான் பாட்டுக்கு ஐந்து பொருள் வைத்தார். இந்த ஐந்தையும் வைத்து ஒருவர் எழுதிக் கொடுத்தால், சிறுபஞ்சமூலம் என்ற பெயர் அதற்குத்தான் சரியாகப் பொருந்தும்.