ஒன்றரை முழத் தூரம்: வீட்டில் சாக்ஸபோன் பதிவு

நம் சங்கத்தின் மலருக்கு வீட்டுச் சாக்ஸபோன் பதிவைப் பற்றி எழுதித் தரும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். மறுக்க மனம் வரவில்லை. இந்தத் துறையில் என்னைவிட மூத்தவர்கள் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் வாய் திறக்க எனக்குள்ள ஒரே தகுதி, நாம் எல்லோரும் இன்ஜினியர் சார் என்று அழைத்த பெரியவரிடம் நான் பாடம் கேட்டவன் என்பதுதான். ஆகவே இதில் அவர் பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை பேண்டில் இந்த வாத்தியத்தைக் கேட்டு மனம் பறிகொடுத்தது, மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றது எல்லாம் நம் உறுப்பினர்களுக்குப் பாடம். 1994இல் ‘டூயட்’ படம் வந்த பிறகு தமிழ்நாட்டில் சாக்ஸபோன் என்ற பெயரை அறியாத வீடு இல்லை என்ற நிலை வந்ததும் நாம் கண்டதே. அவர் 2019 அக்டோபர் 11 அன்று மறைந்தார். அவர் வழியில் வாசிப்பவர்களும் கற்பவர்களும் இன்று ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே பதிவு செய்துகொள்கிறார்கள். அந்தப் பதிவுகளின் தரம் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வீட்டுப் பதிவு என்றால் ஸ்டூடியோவுக்கு வசதியில்லாதவர் செய்வது என்று நினைப்பவர்கள் ரூடி வான் கெல்டரை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். நியூ ஜெர்சியில் ஹேக்கன்சாக் என்ற ஊரில், தம் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் பதிவு செய்தவர் அவர். பகலில் கண் பரிசோதகர் வேலை பார்த்தார். சோனி ராலின்ஸின் ‘சாக்ஸபோன் கொலாசஸ்’ 1956 ஜூன் 22 அன்று அந்த வரவேற்பறையில்தான் பதிவானது. ஜான் கோல்ட்ரேனின் ‘புளூ டிரெயின்’ 1957 செப்டம்பர் 15 அன்று பதிவானதும் அங்கேதான். இங்கிள்வுட் கிளிஃப்ஸில் அவர் தனி ஸ்டூடியோ கட்டிக்கொண்டு போனது 1959இல். அதற்குள் உலகம் கொண்டாடும் சாக்ஸபோன் பதிவுகள் பல அந்த வீட்டுக் கூடத்தில் முடிந்துவிட்டன. நாய்மன் யூ 47 கண்டென்சர் மைக்கை அமெரிக்காவில் முதலில் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். அதை வாத்தியத்துக்கு நெருக்கமாக வைத்துப் பதிந்த தைரியமும் அவருடையது. எந்த மைக், எவ்வளவு தூரம் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார். அந்த ரகசியப் போக்கு எங்கள் ஆசிரியருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் அந்த நாதத்துக்கு அவர் தலை வணங்குவார்.

கண்டென்சர் மரபு என்று நாம் சொல்வது அந்த வழியில் வந்ததுதான். காற்றின் சத்தம், ரீட் அதிர்வு, கீ மூடும் ஓசை எல்லாம் அதில் தெரியும். தார ஸ்தாயியில் பளபளப்பு வரும். நல்ல வாசிப்பை அது மேலும் துலக்கிக் காட்டும். ஆனால் நம் ஊர் வீட்டு அறையில் அதே குணம் எதிராகிவிடுகிறது. எதிர்ச் சுவரும் கண்ணாடி பீரோவும் திருப்பி அனுப்பும் ஓசையையும் அது அதே நேர்மையோடு பதிந்துவிடும். இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் கண்டென்சர்கள் பலவற்றில் மேல் சுருதிப் பகுதி வேண்டுமென்றே தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பாடகர் குரலுக்கு அது சுகம். ஆல்டோ சாக்ஸபோனுக்கு அது முள். சென்னை ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் காப்ஸ்யூலில் ஈரம் ஏறி ‘சடசட’ என்று கேட்கத் தொடங்கினால் பயப்பட வேண்டாம். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டைனமிக் மரபை ஏழை மரபு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. 1960இல் வந்த சென்ஹைசர் எம்.டி. 421, 1965இல் வந்த ஷூர் எஸ்.எம். 57, 1968இல் வந்த எலக்ட்ரோ வாய்ஸ் ஆர்.இ. 20 மூன்றும் இன்றும் ஓய்வு பெறவில்லை. இவற்றில் ஆர்.இ. 20க்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மற்ற திசை மைக்குகளில் கிட்டே போகப் போக மந்திர ஸ்தாயி வீங்கும். இதில் அந்த வீக்கம் மிகக் குறைவு. வாசிக்கும்போது அசையாமல் இருக்க முடியாத வித்துவானுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. புதிதாகத் தொடங்கும் மாணவர் என்னிடம் கேட்டால், எஸ்.எம். 57 ஒன்றை வாங்கு, மிச்சப் பணத்தில் அறையைச் சரிசெய் என்றுதான் சொல்கிறேன்.

இனி எங்கள் மரபு. இன்ஜினியர் சார் வானொலியில் ரிப்பன் மைக்கோடு வளர்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகு மயிலாப்பூரில் தம் பழைய வீட்டுக் கூடத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்தார். மெட்ராஸ் டெரஸ் கூரை, உத்தரங்கள், சிவப்புச் சிமெண்டுத் தரை. தரையில் மட்டும் இரண்டு ஜமக்காளம் மடித்துப் போடச் சொல்வார். கூரையைத் தொட விட மாட்டார். உயரமான அந்த உத்தரக் கூரை ஓசையை உடைத்துச் சிதறடித்து மென்மையாகத் திருப்பித் தரும் என்பது அவர் கணக்கு. அங்கே பதிவான எதிலும் எதிரொலி இடித்து நான் கேட்டதில்லை.

பாடம் தொடங்கும் முறையை இந்த மலரில் பதிவு செய்துவிட வேண்டும். மைக்கை எடுக்கவே விட மாட்டார். வாசிப்பவரை உட்கார வைத்து மாயாமாளவகௌளையில் ஆரோகண அவரோகணம் மட்டும் வாசிக்கச் சொல்வார். நாங்கள் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, இன்னொரு காதை வாத்தியத்தின் பக்கம் திருப்பி, குனிந்தும் மண்டியிட்டும் வாத்தியத்தைச் சுற்றி வர வேண்டும். பெல்லுக்கு நேரே காதைக் கொண்டுபோனால் ஒரே இரைச்சல். எல்லாத் துளையும் மூடும் அடிமட்ட ஸ்வரம் வரும்போது மட்டும் அங்கே இடி இடிக்கும். கொஞ்சம் மேலே, இடது கை விரல்களுக்கும் வலது கை விரல்களுக்கும் நடுவே காது வந்ததும் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று சமமாகும். அந்த இடத்தில் எங்கள் தலையைப் பிடித்து நிறுத்தி, “இங்கதான் வித்துவான் வாசிக்கிறார், அங்க வெறும் குழாய் பேசுது” என்பார்.

விஷயம் எளிது. சாக்ஸபோனின் ஓசை பெல் வழியாக மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முதலில் திறக்கும் துளைகளிலிருந்துதான் அதன் உடம்பு வெளிவருகிறது. ஆல்டோவின் கடைசிக் கீழ் ஸ்வரம் சுமார் 139 ஹெர்ட்ஸ். அதற்குத் துளை எதுவும் திறப்பதில்லை. அதனால் அது முழுதும் பெல் வழியே வருகிறது. பெல்லுக்குள் மைக்கை நீட்டுபவருக்கு அந்த ஒரு ஸ்வரம் மட்டும் பூதாகரமாகவும், மற்றவை உச்ச ஓசையின் கூர்மையோடும் கிடைக்கும்.

அடுத்தது தூரம். இன்ஜினியர் சார் அங்குலத்தில் பேச மாட்டார், முழத்தில்தான் பேசுவார். ஒன்றரை முழம், அதாவது ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். இதற்குக் கணக்கு உண்டு. மைக்கிலிருந்து 15 சென்டிமீட்டரில் வாசிப்பவர் ஒரு கமகத்தில் ஆடி 25 சென்டிமீட்டருக்குப் போனால் லெவல் நாலரை டெசிபல் அளவுக்கு விழுகிறது. 60இலிருந்து 70க்குப் போனால் விழுவது ஒன்றே கால் சொச்சம்தான். நம் இசையில் காம்போதி வாசிக்கும்போது உடம்பு ஆடாமல் இருக்குமா? அந்த ஆட்டத்துக்கும் இடம் விட்டுத்தான் அவர் தூரத்தைக் குறித்தார்.

மேல்நாட்டுக் கையேடுகளில் இல்லாத ஒன்றையும் அவர் கண்டு சொன்னார். அங்கே வாசிப்பவர் நிற்கிறார் அல்லது நாற்காலியில் இருக்கிறார். நம் வித்துவான் சம்மணமிட்டு அமர்கிறார். பெல் தரைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. தரையில் பட்டுத் திரும்பும் ஓசை நேர் ஓசையோடு மைக்கில் கலந்து சில ஸ்வரங்களைத் தின்றுவிடும். அதற்காகத்தான் மடித்த ஜமக்காளம். அதற்காகத்தான் மைக்கை வாசிப்பவரின் மார்பு உயரத்துக்குத் தூக்கி லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ப்பது. சங்கத்தில் இதைப் பின்பற்றாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வாதமில்லை. அவர்கள் பதிவில் மத்திய ஸ்தாயி ஏன் மெலிந்திருக்கிறது என்று அவர்களே ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

ரிப்பன் மைக் முன்னும் பின்னும் கேட்கும், இரு பக்கமும் கேட்காது. இந்தக் குணத்தை வீட்டில் பயன்படுத்துவது ஒரு கலை. கேட்காத பக்கத்தை ஜன்னலுக்குத் திருப்பினால் தெருவின் ஹாரன் பாதி அடங்கும். முதுகுப் பக்கம் வெறும் சுவராக இருந்தால் பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைக்க வேண்டும். அலுமினிய இழை மிக மெல்லியது. மைக்கை ஊதிச் சோதிப்பவரை எங்கள் ஆசிரியர் அறையில் சேர்க்கவே மாட்டார். ரிப்பனுக்கு 60 டெசிபல் வரைக்கும் கெயின் தரக்கூடிய, இரைச்சல் இல்லாத பிரீஆம்ப் வேண்டும். பழைய ரிப்பனாக இருந்தால் 48 வோல்ட் பேண்டம் பவர் அணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கேபிளைச் செருக வேண்டும். இத்தனை பத்தியம் எதற்கு என்று கேட்பார்கள். தார ஸ்தாயி ஷட்ஜத்தில் நின்று கார்வை பிடிக்கும்போது, கண்டென்சரில் காதைக் குத்தும் அந்த ஓசை ரிப்பனில் முதிர்ந்த நாகஸ்வரத்தின் கனத்தோடு வருகிறது. என் வாழ்நாளில் இதற்கு மேல் ஒரு சாக்ஸபோன் நாதத்தை நான் பதிவில் கேட்டதில்லை.

மற்றவை சுருக்கமாக. மின்விசிறியை நிறுத்துங்கள். அதன் காற்று மைக்கில் மட்டுமல்ல, வாத்தியத்தின் ஓசையிலும் ஒரு நடுக்கத்தை ஏற்றும். சுருதிப்பெட்டியை அறைக்குள் ஒலிக்க விடாமல் ஒரு காது ஹெட்போனில் கேளுங்கள், தம்பூராவைத் தனி டிராக்கில் வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் உச்ச லெவல் மைனஸ் 12 டெசிபலுக்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். யாரையும் குறித்துச் சொல்லவில்லை. இன்று வாசிக்கும் பிள்ளைகளின் ஞானத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பலர் நம் காலத்தைவிட வேகமாகக் கற்கிறார்கள். ஆனால் பதிவுகளைக் கேட்டால் நெஞ்சு பதைக்கிறது. பெல் விளிம்பில் ஒரு கிளிப் மைக். மேடையில் நடந்து வாசிப்பவருக்கு அது வேண்டியிருக்கலாம். பூட்டிய அறையில், தனியாக, உட்கார்ந்து வாசிப்பவருக்கு அது எதற்கு? கேமராவில் மைக் ஸ்டாண்ட் முகத்தை மறைக்கிறதாம். பிறகு அந்த வறட்டு ஓசையை மறைக்க ரிவெர்ப். ஒரு தோடி காந்தாரம் ஆடி இறங்கும்போது முந்தைய அசைவின் வால் அடுத்த அசைவின் மேல் விழுகிறது. கமகம் எது, குழப்பம் எது என்றே பிரிக்க முடியவில்லை. அதோடு நின்றதா? இரைச்சல் நீக்கும் மென்பொருளை ஓட்டுகிறார்கள். அது விசிறிச் சத்தத்தோடு தம்பூராவையும் தின்கிறது, ஸ்வரம் தேய்ந்து அடங்கும் அந்த நுனியையும் நறுக்கிவிடுகிறது. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சுருதியைத் திருத்தும் மென்பொருள்! அனுஸ்வரத்தைத் தவறு என்று எண்ணிப் பன்னிரண்டு படிக்கட்டில் ஏற்றி நிறுத்தும் இயந்திரத்திடம் நம் ராகங்களை ஒப்படைக்கிறோம்.

இது மைக்கோடு நிற்கும் வியாதி அல்ல. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் அலறுகிறது, சபாவிலும் அலறுகிறது, வீட்டிலும் கைப்பேசி தானாக லெவலை ஏற்றி இறக்கிப் பல்லவியையும் நிரவலையும் ஒரே தட்டையாக்குகிறது. மைக் இல்லாத சாக்ஸபோனை நாலடி தூரத்தில் உட்கார்ந்து கேட்ட அனுபவமே இல்லாத ரசிகர்கள் உருவாகிவிட்டார்கள். கேட்டவருக்குத்தானே பதிந்தது சரியா என்று தெரியும்? ஆசிரியர்கள் திருத்துவதில்லை, அமைப்பாளர்கள் கேட்பதில்லை, ரசிகர்கள் முகம் சுளிப்பதில்லை. கோபால்நாத் ஒரு வாழ்நாள் முழுதும் உழைத்து இந்த வாத்தியத்துக்கு வாங்கித் தந்த குரல், அடுத்த தலைமுறையின் பதிவுகளில் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று நான் உண்மையாகவே அஞ்சுகிறேன். ஒரு கலை அழிவதற்கு அதை வாசிக்க ஆளில்லாமல் போக வேண்டியதில்லை, சரியாகக் கேட்க ஆளில்லாமல் போனாலே போதும் என்று இன்ஜினியர் சார் சொல்லும்போது நாங்கள் அதைப் பெரியவர்களின் வழக்கமான ஆதங்கமாகத்தான் எடுத்துக்கொண்டோம். இன்று ஒவ்வொரு வாரமும் அது கண்முன் நடக்கிறது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. உறுப்பினர்களுக்கு இரண்டு வேண்டுகோள். வீட்டில் வித்துவான்களைப் பதிந்த ஸ்பூல் டேப்போ கேசட்டோ வைத்திருப்பவர்கள், பூஞ்சை பிடிப்பதற்குள் செயலாளரிடம் கொடுத்துப் படியெடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பதிபவர்கள் எந்த மென்பொருளும் தொடாத மூலப் பதிவை ஒரு பிரதி சங்கத்துக்கு அனுப்புங்கள். கூடவே மைக்கின் பெயர், அது எதை நோக்கி இருந்தது, எவ்வளவு தூரம், எந்த அறை என்று நாலு வரி எழுதி வையுங்கள்.