நான்கு வகை போதுமா?

மனித உடலின் திசுக்கள் நான்கு வகை என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம்: எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. இந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை மதுரைப் பக்கத்து நோய் ஒன்றை வைத்தே சோதிக்கலாம். அறுப்பு நேரத்தில் நெல் தாளோ கரும்புச் சோகையோ கண்ணில் கீறிவிடும். கவனிக்காமல் விட்டால் அது புண்ணாகிச் சில வாரங்களில் அந்தக் கண்ணில் பூ விழலாம்.

இது அரிதாக நடப்பதல்ல. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று 1990களில் செய்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்க மாவட்டம் ஒன்றின் கணக்கைப்போல அது பத்து மடங்கு. 1994இல் மூன்று மாதத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையில் பரிசோதித்த 434 நோயாளிகளில் 284 பேர் முதலில் கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி தெரியவந்தவர்களில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறக்குறையச் சரிபாதி.

கருவிழியின் கனம் நடுவில் அரை மில்லிமீட்டர்தான். மேலே ஐந்தாறு அடுக்கு எபிதீலியம். கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு நடுவிலுள்ள இணைப்புத் திசு. அடியில் எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள். ஊடே நரம்பு நுனிகள் உண்டு. தசையோ ரத்தக் குழாயோ கிடையாது.

நால்வகை முறை இங்கே ஒன்றைச் சரியாகவே காட்டுகிறது. தசை நாணும் கருவிழியின் நடு அடுக்கும் இணைப்புத் திசுக்களே; இரண்டிலும் முதன்மையாக இருப்பது ஒரே கொலாஜன் புரதம். கருவிழியில் ஒரே பருமனுள்ள நுண்ணிழைகள் ஒரே இடைவெளியில் நிற்பதால் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. புண் ஆறும்போது புதிதாக வரும் இழைகள் அந்த ஒழுங்குக்கு வருவதில்லை. பூ என்று சொல்லப்படும் வெள்ளைத் தழும்பு அதுதான்.

நோயாளியின் கேள்வியோ, “பார்வை திரும்புமா டாக்டர்?” என்பது. அதற்கு இந்த முறையிடம் பதில் இல்லை. மேல் எபிதீலியம் மட்டும் கீறியிருந்து கிருமியும் சேராவிட்டால் சில நாளில் தழும்பின்றி மூடிக்கொள்ளும். எண்டோதீலியத்தையும் எபிதீலியத்தில்தான் சேர்க்கிறோம், ஆனால் அதன் செல்கள் செத்தால் செத்ததுதான். பக்கத்துச் செல்கள் விரிந்து இடத்தை அடைக்கின்றன. கருவிழியிலிருந்து நீரை இறைத்து வெளியேற்றுவது அவையே என்பதால், எண்ணிக்கை மிகக் குறைந்தால் கருவிழி வீங்கி மங்கும். தானமாக வந்த கண்ணில் கண் வங்கிகள் இந்தச் செல்களை எண்ணிப் பார்ப்பது இதற்காகத்தான். சதுர மில்லிமீட்டருக்கு 2000க்குக் கீழே போனால் அந்த அடுக்கை நம்பிச் செய்யும் மாற்று அறுவைக்குப் பெரும்பாலும் எடுப்பதில்லை. பெயரில் ஒரே வகை, ஆறுவதில் இரண்டு துருவம்.

இன்னொரு இடறலும் உண்டு. அரவிந்தை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டே கண்புரை அறுவை செய்தவர். அந்த நோய் தாக்கும் மூட்டு உட்சவ்வு எபிதீலியம்போல ஒரு குழியின் உட்புறத்தை மூடியிருக்கிறது. ஆனாலும் இணைப்புத் திசு என்றே வகுக்கப்படுகிறது. எபிதீலியத்தை இருக்கும் இடம் வைத்தும், தசையைச் செய்யும் வேலை வைத்தும், இணைப்புத் திசுவைச் செல்களுக்கு இடையிலுள்ள பொருள் வைத்தும் பிரித்தால் எல்லைகள் இப்படித்தான் மயங்கும்.

மாற்று உண்டா? 1801இல் பிரெஞ்சு மருத்துவர் பிஷா நுண்ணோக்கி இல்லாமலே 21 வகை சொன்னார்; அது நிலைக்கவில்லை. 1894இல் இத்தாலியரான பிட்சோசெரோ புதுப்பிக்கும் திறனை அளவுகோலாக்கினார்: ஓயாமல் புதுப்பித்துக்கொள்பவை, தேவைப்பட்டால் புதுப்பித்துக்கொள்பவை, புதுப்பித்துக்கொள்ளாதவை. நோயாளியின் கேள்விக்கு இது நேரான பதில். ஆனால் கட்டியின் துண்டைப் பார்க்கும் நோய்க்கூறு மருத்துவருக்கு இது போதாது. கார்சினோமாவா சார்கோமாவா என்ற முடிவு எபிதீலியமா இல்லையா என்பதில்தான் தொடங்குகிறது, சிகிச்சையும் அதையொட்டி மாறுகிறது.

ஆகவே நால்வகை முறை நிற்கட்டும். ஸ்லைடில் இருப்பதை அடையாளம் காண அதைவிட உறுதியான வழி இல்லை. ஆறுமா ஆறாதா என்று சொல்ல அதற்குத் தகுதியில்லை. அதை வெறும் மனப்பாடப் பட்டியலாகக் கற்பிப்பதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு வகைக்கும் பக்கத்தில் அது எப்படி ஆறும் என்ற வரியும், கருவிழியை அடுக்கடுக்காகக் காட்டும் படமும் வேண்டும். மேலூரிலும் வாடிப்பட்டியிலும் இந்தப் பாடத்தைப் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் அறுப்புக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கீறல் மேல் அடுக்கோடு நிற்கும்போதே, விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ விடாமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போகவேண்டியது ஏன் என்று அந்தப் பிள்ளைகளால் வீட்டில் விளக்க முடியும்.