ஒரு நாற்காலி போதாது

தோவாளைப் பூச்சந்தைக்கு அப்பா தினமும் பிச்சிப்பூ கொண்டுபோவார். கமிஷன் கடையில் நாற்காலி காலியாகத்தான் கிடக்கும். உட்காரமாட்டார். "நிக்கேன் மக்கா, பரவால்ல" என்பார். இஞ்சினியரிங் முடித்து வேலைக்குப் போனபிறகு அந்தப் 'பரவால்ல' எனக்கு அவமானமாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, ஜெயமோகனின் 'நூறு நாற்காலிகள்' கதையை முதல்முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது அதில் வரும் அம்மாமீதுதான்.

'அறம்' தொகுப்பில் உள்ள கதை. தர்மபாலன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட நாயாடி சாதியில் பிறந்தவர். பிச்சையெடுத்துத் திரியும் அம்மாவோ மகன் சட்டை போடுவதையும் நாற்காலியில் உட்காருவதையும் கண்டு அலறுகிறாள். கொன்றுவிடுவார்கள் என்று பதறுகிறாள்.

இதை 'அடிமை மனம்' என்று சொல்லிவிட்டு நாம் சுலபமாகக் கடந்துவிடுகிறோம். இரண்டாம் வாசிப்பில் என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. உட்கார்ந்தவனுக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். உயிரோடிருக்க அவள் அடிபட்டுக் கற்றது அது. மகனுக்குக் கொடுக்க அவளிடம் வேறென்ன இருக்கிறது? அவள் பயந்ததும் முழுப்பொய் இல்லை. மகன் உட்கார்ந்துவிட்டான், ஆனால் கீழே வேலை செய்பவர்களே அவன் பேச்சை மதிப்பதில்லை.

எங்கள் பக்கத்து வரலாறும் இதைத்தான் சொல்கிறது. தென்திருவிதாங்கூரில் மேலாடைக்காக நாடார் பெண்கள் 1822 முதல் போராடினார்கள். 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா அனுமதி கொடுத்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப்போல அணியக்கூடாது என்று நிபந்தனை இருந்தது. அடுத்தவர் பார்த்துக் கொடுக்கும் உரிமையில் இப்படி ஒரு வால் ஒட்டிக்கொண்டே வரும்.

ஆகவே நூறு நாற்காலிகள் வேண்டும் என்று தர்மபாலன் கடைசியில் சொல்வதை நான் பதவி ஆசையாக வாசிக்கவில்லை. ஒருத்தர் மட்டும் உட்கார்ந்தால் அவர் விதிவிலக்கு. நூறு பேர் உட்கார்ந்தால்தான் அந்த அம்மாவின் பயம் போகும். சுயமரியாதையைத் தனியாளாக மீட்டுவிட முடியாது.

கதைமீது எனக்கு ஒரு குறை உண்டு. அம்மாவை நாம் மகனின் குற்றவுணர்ச்சி வழியாக மட்டுமே பார்க்கிறோம். அவளுக்கு என்ன தெரியும் என்று யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை.

நானும் கேட்டதில்லை. போன பொங்கலுக்குத்தான் அப்பாவிடம் கேட்டேன், ஏன் உட்காரமாட்டேங்கிறீங்க என்று. "உக்காந்தா தராசுல நம்பர் தெரியாதுல்லா மக்கா" என்றார். அதில் பாதி சமாளிப்பு. மீதிப் பாதி எனக்கு இத்தனை வருஷம் தெரியாமலே போன அவருடைய கணக்கு.