2ஜி சாகா அன்ஃபோல்ட்ஸ் (நூல் விமர்சனம்)

'2ஜி சாகா அன்ஃபோல்ட்ஸ்' முன்னாள் மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசா ஆங்கிலத்தில் எழுதிய நூல். 2018 ஜனவரியில் வெளியானது. அரசு, கட்சி, பத்திரிகை மூன்றும் தன் வழக்கில் எவ்வாறு நடந்துகொண்டன என்பதை ஒரு தரப்பின் நோக்கில் முன்வைக்கிறது.

பின்னணி

ராசா பெரம்பலூர் மாவட்டம் வேலூர் கிராமத்தைச் சேர்ந்தவர். தனித்தொகுதியாக இருந்த பெரம்பலூரிலிருந்து 1996, 1999, 2004 ஆண்டுகளில் மக்களவைக்குத் தேர்வானார். 2007 மே மாதம் தொலைத்தொடர்பு அமைச்சரானார். 2008இல் 122 உரிமங்கள் வழங்கப்பட்டன. நாடு முழுமைக்குமான உரிமத்தின் கட்டணம் 2001ஆம் ஆண்டு நிர்ணயித்த ரூ. 1,658 கோடியாகவே இருந்தது. 2010 நவம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, உத்தேச இழப்பை அதிகபட்சம் ரூ. 1.76 லட்சம் கோடி எனக் கணித்தது. ராசா பதவி விலகினார். 2011 பிப்ரவரியில் கைதானார். 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை விசாரிக்க 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அனுமதி அளித்தது.

நூலின் வாதம்

முதலில் வந்தவருக்கு முன்னுரிமை என்பது முந்தைய அரசுகளிடமிருந்து வந்த நடைமுறை. பிரதமருக்குத் தெரிந்தே முடிவுகள் எடுக்கப்பட்டன. தணிக்கையாளர் வரம்பு மீறினார். கூட்டணி அரசு தன் கொள்கைக்காகவே வாதாடவில்லை. ஊடகங்கள் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதின. இவை நூலின் முக்கியக் குற்றச்சாட்டுகள்.

மதிப்பீடு

நூலின் வலுவான இடம், நாடாளுமன்றக் கூட்டுக்குழு பற்றியது. பி. சி. சாக்கோ தலைமையிலான அக்குழு, நேரில் விளக்கமளிக்க ராசா கேட்டும் அழைக்கவில்லை. அவரே பிரதமரைத் தவறாக வழிநடத்தினார் என்று மட்டும் முடிவு கூறியது. அமெரிக்காவில் அமைச்சரவையினர் காங்கிரஸ் உறுப்பினர்களாக இருக்க முடியாது. ஆயினும் அதன் குழுக்கள் முன் சாட்சியமளிப்பது வழக்கம். அவைக்குள்ளேயே அமைச்சர் அமரும் இந்திய முறையில், குற்றம் சாட்டப்பட்டவரின் குரலை அவையின் குழுவே கேட்காதது பெரிய குறை.

ஊடகம் பற்றிய பகுதி பாதி உண்மை. உத்தேசக் கணக்கு, கையாடப்பட்ட பணம் என்ற பொருளில் பல மேடைகளிலும் தலைப்புச் செய்திகளிலும் புழங்கியது. சி.பி.ஐ.யின் குற்றப்பத்திரிகை சொன்ன இழப்போ சுமார் ரூ. 30,984 கோடி. ஆனால் உரிமம் வழங்கிய முறை பொதுவெளிக்கு வந்ததும் பத்திரிகைகளால்தான். மிகைப்படுத்தலையும் கண்காணிப்பையும் நூல் போதிய அளவு பிரித்துப் பார்க்கவில்லை.

முக்கியமான பலவீனம் வேறு. விண்ணப்பங்களுக்கான இறுதிநாள் பின்னோக்கி மாற்றப்பட்டதை 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 122 உரிமங்களையும் ரத்து செய்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதும் கொள்கை சரி என்பதும் ஒன்றல்ல. விடுதலைத் தீர்ப்பு முதலாவதை மட்டுமே சொல்கிறது. நூலோ அதை இரண்டாவதற்கும் சான்றாக்க முயல்கிறது.

வாக்காளர் தரப்பிலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. உரிமங்கள் வழங்கப்பட்டபோது ராசா பெரம்பலூரின் உறுப்பினர். 2009இல் தொகுதி மறுசீரமைப்பால் பெரம்பலூர் பொதுத்தொகுதியானது. அரியலூர் சட்டமன்றத் தொகுதி சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் அமைந்தது. ராசா நீலகிரிக்குச் சென்றார். ஆகவே அவரை அமைச்சராகக் கண்ட மக்களுக்கு, அவரை ஏற்கவோ மறுக்கவோ வாக்குச்சீட்டு கிடைக்கவில்லை. 2014இல் தோற்கடித்ததும் 2019, 2024இல் வெற்றி தந்ததும் நீலகிரி.

தன் தரப்பை ஆவணங்களுடன் எழுதிவைக்கும் அமைச்சர்கள் தமிழகத்தில் குறைவு. அந்த வகையில் இது பாதுகாக்க வேண்டிய நூல். தணிக்கை அறிக்கையையும் 2012, 2017 தீர்ப்புகளையும் அருகில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டிய நூலும்கூட.