நின்றால் கொதிக்கும் வண்டி

தை, மாசியில் கோவில்பட்டிப் பக்கத்துக் களங்களில் டிராக்டர் ஓடுவதில்லை, நிற்கிறது. பின்னால் கதிரடிக்கும் மிஷினை மாட்டிவிட்டால் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் மீட்டர் முள் சிவப்பைத் தொடும். உழவில் கொதிக்காத வண்டி, நின்ற இடத்தில் கொதிக்கிறது.

ரோட்டில் ஓடும் வண்டிக்கு எதிர்காற்று துணை. நிற்கும் வண்டிக்கு ஃபேன் ஒன்றுதான் கதி. அதனால் நின்றால் ஏறி, ஓடினால் இறங்கும் சூடு என்றால் முதலில் காற்று போகும் பாதையைப் பார்க்க வேண்டும். ஓட ஓட ஏறினால் தண்ணீர்ச் சுற்றோட்டத்தைச் சந்தேகிக்கலாம்.

கரிசல் மெக்கானிக்கின் கண் முதலில் ரேடியேட்டர் வலைக்குத்தான் போகும். கம்பஞ் சுணை, மக்காச்சோளத் தூசி, பருத்திப் பிசிறு எல்லாம் ஆயில் கசிவோடு சேர்ந்து காரை பூசியதுபோல் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளியே பார்த்துக் காற்றடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும். அடுத்து ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்.

எல்லா வண்டியிலும் ஃபேன் பெல்ட்டை நம்பியிருப்பதில்லை. இலங்கையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் அதிகம். அவற்றில் ஃபேன் மின்சாரத்தில் சுற்றுகிறது, பெல்ட்டுக்கு வேலையில்லை. ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்றி, சூடேறும்போது மட்டும் சுற்றாவிட்டால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று பொருள். சந்தேகம் சென்சார் பக்கம் திரும்பும். நம்மூர் மாருதிக்கும் இதே கதைதான். வித்தியாசம் நாட்டைவிட வண்டியில் இருக்கிறது.

பழுது பார்க்கும் புத்தியில் மட்டும் நாட்டுக்கும் பங்குண்டு. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025இல். உதிரிபாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளை அலசும் ஊரில் “மாத்திப் பாப்போம்” என்பது கட்டுபடியாகாது. இங்கே அது கட்டுபடியாகிறது, அதனால் கெட்ட பழக்கமும் ஆகிவிட்டது. அதே அவசரத்தில் “நம்மூர் வெயிலுக்கு இது எதுக்கு?” என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது மூடியபடி இறுகி மாட்டிக்கொண்டால் ரோட்டிலும் சூடேறும். நின்றால் மட்டும் வரும் சூட்டுக்கு அதன் மேல் பழி போட முடியாது. கழற்றினால் எஞ்சின் பதமான சூட்டுக்கு வராமல் டீசலைத்தான் குடிக்கும்.

சூட்டின் பதம் யாழ்ப்பாணத்தாருக்குக் கைவந்தது. 1990களில் பெட்ரோல் தடைப்பட்டபோது ஆஸ்டினும் மாரிஸ் மைனரும் அங்கே மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடு குறைந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாது; கூடினால் எஞ்சின் தட்டும். முள்ளைப் பார்ப்பதைவிடக் காதால் கேட்டே ஓட்டியிருக்க வேண்டும்.

இரண்டு ஊருக்கும் பொதுவான எதிரி தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புப் பாறையில் ஊறியவை. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு ரேடியேட்டர் குழாயிலும் படியும். கரிசலின் உப்புத் தண்ணீரும் சளைத்ததல்ல. கேன் கூலண்ட் வாங்கக் கணக்குப் பார்ப்பவர்கள் குழாய் அடைத்தபின் அதைவிடக் கூடச் செலவழிக்கிறார்கள்.

களத்திலேயே செய்து பார்க்க ஒரு வழி உண்டு. எஞ்சின் ஓடும்போது, ஃபேன் சுற்றுகையில், ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். ஃபேன் இழுத்து வலையில் ஒட்டிக்கொண்டால் காற்றோட்டம் சரி. நழுவி விழுந்தால் ஃபேனோ வலையோ இரண்டில் ஒன்று. காகிதம் இல்லையென்றால் காலடியில் கிடக்கும் மக்காச்சோளத் தோகையே போதும்.