தளையும் அடியும்

அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகும் சாலையில், விடிவதற்கு முன்பே ஆவுடையார்கோவிலில் இறங்கிவிட்டால், கோவில் மணிக்கு முன்னால் காதில் விழுவது காலடிச் சத்தம். ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குத் தயாராகும் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் மனத்தில் இருக்கும் எண் ஒன்றுதான்: 1.6 கிலோமீட்டர், 5 நிமிடம் 30 விநாடி. அதற்குள் முடித்தால் 60 மதிப்பெண். 15 விநாடி தாமதித்தால் 48. பல ஆண்டுகளாக ஊர் ஊராகப் புழங்கிவரும் கணக்கு இது.

போன மாதம் நான் நின்று கேட்டபோது ஐந்து பேர் ஓடினார்கள். இரண்டு பேருக்கு வெறுங்கால். கேன்வாஸ் ஷூ தார்ச்சாலையில் தட்டிவிட்டுப் போகும். வெறும் பாதம் ஒட்டி, பிரிந்து, ஒட்டும். கண்ணை மூடினாலும் எது யார் கால் என்று சொல்லிவிடலாம். ஓடத் தொடங்கும் இடம் ஒரு கிலோமீட்டர் கல். அடுத்த கல்லையும் தாண்டி 600 மீட்டர் போக வேண்டும். அந்த இடத்துக்கு அரசாங்கத்தின் அடையாளம் எதுவும் கிடையாது. யாரோ ஒரு மதகுக் கட்டையில் சுண்ணாம்பால் கோடு இழுத்திருக்கிறார்கள்.

அந்தக் கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கோவிலுக்குள் போனேன்.

இந்தக் கோவிலின் கதையே குதிரையில்தான் தொடங்குகிறது, அதுவும் போருக்கு வாங்க நினைத்த குதிரையில். பாண்டியன் தன் அமைச்சர் வாதவூரரிடம் பொன்னைக் கொடுத்து, கடற்கரையில் வந்திறங்கும் குதிரைகளை வாங்கி வரச் சொல்கிறான். அவர் திருப்பெருந்துறையில் குருந்தமரத்தடியில் குருவைக் காண்கிறார். குதிரைப் பணம் கோவிலாகிறது. அமைச்சர் மாணிக்கவாசகர் ஆகிறார். பிறகு நரிகள் பரிகளான கதை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பரிகளை ஓட்டி வந்த குதிரைச் சேவகன் இங்கே தூணில் நிற்கிறான். குதிரையின் வாயில் கடிவாளம் இறுகும் இடத்தில் உதடு சற்றே மடிந்திருக்கும். கழுத்துப் பட்டையின் முடிச்சு அவிழ்க்கக்கூடிய முடிச்சாகவே செதுக்கப்பட்டிருக்கும். நான் எப்போதும் பார்ப்பது பின்னங்காலைத்தான். பாய்வதற்கு முன்னால், முழு எடையும் தொடைக்கு ஏறிய அந்த நொடியைச் சிற்பி கல்லில் பிடித்திருக்கிறார். ஓட்டத்தைச் செதுக்கவில்லை, அதற்கு முந்திய தயாரிப்பைச் செதுக்கியிருக்கிறார். இதைவிட நுட்பமான ஒரு தேர்வை நான் சிற்பத்தில் கண்டதில்லை.

பள்ளியில் செய்யுள் நயம் பாராட்டச் சொல்லிக்கொடுத்த தமிழையா யாப்பின் உறுப்புகளை விரல் மடக்கிச் சொல்வார்: எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. எனக்கு அப்போதே இது ஓர் உடம்பின் வர்ணனை போலக் கேட்டது. அசைவது, அடி வைப்பது, தொடை. நடுவிலே தளை, அதாவது விலங்கு. செய்யுளின் தொடை, தொடுப்பதிலிருந்து வந்த சொல் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் கால் பூட்டப்பட்ட இடத்தில் அடி எப்படி அமைகிறது என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. போர் நடக்கும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்தவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகிறேன்.

முதலில் செக் நாட்டு ஓட்டக்காரர் எமில் சாடோபெக். நம் ஊரில் செருப்பு என்றால் பாட்டா என்று ஒரு காலம் இருந்ததே, அந்த பாட்டா கம்பெனி பிறந்த ஸ்லின் நகரத்துத் தொழிற்சாலையில் அவர் பதின்வயதில் வேலைக்குச் சேர்ந்தார். செக் நாடு 1939 மார்ச்சில் ஜெர்மனியின் பிடிக்குள் போனது. 1941-ல் தொழிற்சாலை நடத்திய ஓட்டப் பந்தயத்தில் அவரைக் கட்டாயப்படுத்தித்தான் ஓட வைத்தார்கள், இரண்டாவதாக வந்தார். அதன் பிறகு ஓட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆக்கிரமிப்பு, ரேஷன், தொழிற்சாலை ஷிஃப்ட். நாளில் ஓடக் கிடைப்பது கொஞ்ச நேரம்.

இங்கே ஒரு நுணுக்கம் வருகிறது, நான் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தது. வேலைக்குப் போகும் பாதையில் வரிசையாக பாப்லர் மரங்கள். நம் சவுக்கைப் போல நெடுநெடுவென்று நிற்பவை. முதல் நாள் நான்காவது மரம் வரை மூச்சை அடக்கி நடந்தாராம். சில நாளில் ஐந்தாவது. அப்படியே ஒவ்வொரு மரமாகக் கூட்டி, வரிசை முழுவதையும் கடந்த அன்று மயங்கி விழுந்ததாகச் சொல்கிறார்கள். இதில் என்னைச் சொக்க வைப்பது விழுந்தது அல்ல, எண்ணியது. தொழிற்சாலைக்குப் போகும் பாதையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. போகும் நேரமும் அவருடையதல்ல. பார்க்கிறவனுக்கு ஒரு தொழிலாளி வேலைக்குப் போகிறான், அவ்வளவுதான். உள்ளே ஒருவன் மரங்களைச் சீர்களாகப் பிரித்துத் தன் மூச்சை அளந்துகொண்டிருக்கிறான். 1944-ல் 2,000, 3,000, 5,000 மீட்டர் மூன்றிலும் செக் சாதனைகளை முறியடித்தார். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று அமெரிக்க விமானங்கள் அந்தத் தொழிற்சாலை மீது குண்டு வீசின.

போர் முடிந்து ராணுவத்தில் சேர்ந்த பிறகு, கனத்த பூட்ஸோடு காட்டில் ஓடியதும், இருட்டில் டார்ச் பிடித்து ஓடியதும் பலருக்குத் தெரிந்த கதை. ஹெல்சின்கியில் 1952-ல் 5,000, 10,000, மாரத்தான் என்று மூன்று தங்கம். மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் இன்றுவரை வேறு யாருமில்லை. அதையும் நான் அந்த மரவரிசை வழியாகத்தான் பார்க்கிறேன்.

அவருக்குப் பின்னாலேயே ஓடிப் பல வெள்ளிகளை வாங்கியவர் அலைன் மிமூன், அல்ஜீரியாவில் பிறந்தவர். 1944-ல் இத்தாலியில், மோன்டே கசினோ போரில் குண்டுச் சில்லு பாய்ந்து கால் போகவேண்டிய நிலை. காலைக் காப்பாற்றிக்கொண்டு பன்னிரண்டு ஆண்டு கழித்து மெல்போர்னில் மாரத்தான் தங்கம் வென்றார். முடிவுக் கோட்டைத் தாண்டியவர் போகாமல் சாடோபெக்குக்காகக் காத்து நின்றார். ஆறாவதாக வந்த சாடோபெக் தொப்பியைக் கழற்றி, நிமிர்ந்து நின்று அவருக்கு சல்யூட் வைத்தார். களைத்த காலோடு நிமிர்ந்து நிற்பது எவ்வளவு கடினம் என்று ஓடியவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது ஈராக்கில் நசிரியா பக்கம் இருக்கும் தல்லில் விமானத் தளம். அமெரிக்கப் படை அங்கே இருந்த 2005 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானின் கிளை ஓட்டம் ஒன்றை வேலிக்குள்ளேயே நடத்தினார்கள். பாஸ்டனிலிருந்தே பதக்கமும் சட்டையும் அனுப்பி வைக்கப்பட்டன. பணி முடிந்த நேரத்தில், வெயில் ஏறுமுன், வேலியை ஒட்டிச் சுற்றிச் சுற்றித்தான் அங்கே இருந்தவர்களால் பயிற்சி எடுக்க முடிந்தது. வேலிக்கு வெளியே ஒரு கிலோமீட்டர்கூட அவர்களுக்குக் கிடையாது.

அந்தத் தளத்தின் வேலிக்குள் என்ன இருந்தது தெரியுமா? ஊர் என்ற பழைய நகரத்தின் கோவில் மேடை. ஏறத்தாழ 4,000 ஆண்டுக்கு முன் உர்-நம்மு என்ற அரசன் சந்திரக் கடவுளுக்குக் கட்டிய செங்கல் குன்று, மூன்று பெரிய படிக்கட்டுகளோடு. 2009-ல்தான் அது ஈராக் கைக்குத் திரும்பிப் போனது. ஒரு கோவில் மதிலைச் சுற்றி வருகிறவனுக்கு ஒவ்வொரு சுற்றிலும் கோபுரம் ஒரே மாதிரி தெரிவதில்லை. நிழல் நகர்ந்திருக்கும், கிளி இடம் மாறியிருக்கும். தல்லில் தளத்தில் சுற்றியவர்களுக்கும் அந்த மேடை அப்படித்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எத்தனையாவது சுற்று என்பதை அவர்கள் அதன் நிழலை வைத்தே சொல்லியிருக்கலாம்.

பெத்லகேமில் 2013-ல் தொடங்கியது பாலஸ்தீன மாரத்தான். பிறப்புத் தேவாலயத்தின் முன்னால் தொடங்கி, பிரிப்புச் சுவரை ஒட்டி, அகதி முகாம்கள் வழியே போகும் பாதை. தடையில்லாமல் தொடர்ச்சியாக 42 கிலோமீட்டர் கிடைக்காததால் போன வழியே திரும்பி வந்து, அதே பாதையில் மறுபடியும் ஓடுகிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் மடக்கு என்ற அணிதான். வந்த அடியே மீண்டும் வருகிறது. இரண்டாம் முறை பொருள் வேறு.

நம் நாட்டில் இதற்கு நேரான இடம் லடாக். சியாச்சினில் 1984 முதல் படைகள் நிற்கின்றன. 2003 இறுதியில் துப்பாக்கிகள் ஓய்ந்தன, குளிர் ஓயவில்லை. அந்தப் பனிமலையில் குண்டைவிடப் பனியும் மூச்சுத்திணறலுமே அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் பிறந்த புதுக்கோட்டைப் பையன் ஒருவன் அங்கே அனுப்பப்பட்டால், முதலில் அவனுக்குத் தரப்படும் பயிற்சி ஓடாமல் இருப்பது. உயரத்துக்கு உடம்பைப் பழக்கும் கணக்கு இது: 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள், 15,000 அடி வரை 4 நாள், அதற்கு மேல் இன்னும் 4 நாள். அதிலும் முதல் இரண்டு நாள் வெறும் ஓய்வு. பிறகு நடை. பிறகு ஏற்றத்தில் நடை. பிறகுதான் சுமை. ஐந்தரை நிமிடத்துக்காக மாதக்கணக்கில் வேகத்தை ஏற்றிய கால்களுக்கு, மெதுவாக இருக்கக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பதினான்கு நாள்தான் நெடுந்தூர ஓட்டத்தின் அரிச்சுவடி என்று எனக்குத் தோன்றுகிறது.

சியாச்சின் அடிவாரத்துக்குப் போகும் சாலை கார்துங் லா கணவாயைத் தாண்டிப் போகிறது. அதே சாலையில், 2012-ல் தொடங்கிய லடாக் மாரத்தானோடு சேர்த்து 72 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடக்கிறது. கார்துங் கிராமத்தில் இருட்டில் புறப்பட்டு, சுமார் 17,600 அடி உயரத்துக்கு ஏறி, லே நகருக்கு இறங்க வேண்டும். உச்சியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அங்கே அடிக்கடி முன்னால் வருகிறவர்கள் லடாக் ஸ்கவுட்ஸ் வீரர்கள், கார்கில் போருக்குப் பின் 2000-ல் தனி ரெஜிமென்ட் ஆனவர்கள். எல்லைக் காவலே அவர்களுக்குப் பயிற்சி. ஏற்றத்தில் அவர்கள் ஓடுவதைப் படங்களில் கவனித்துப் பாருங்கள். கால் உயர எழாது. தரையைத் தொட்டும் தொடாமலும் குறில் குறிலாக விழும். நெட்டெழுத்துக்கு அங்கே காற்று போதாது.

புதுக்கோட்டைக்கு ஒரு பெயர் இருக்கிறது இந்த வரிசையில். கோ. லட்சுமணன், ராணுவ வீரர். போர்முனையில் ஓடியவர் என்று சொல்ல மாட்டேன். படையில் இருந்துகொண்டே நெடுந்தூரம் ஓடியவர். 2017-ல் புவனேஸ்வரில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை 29 நிமிடம் 44.91 விநாடியில் ஓடி மூன்றாவதாக வந்தார். ஓட்டத்தின் நடுவே ஓர் அடி ஓடுபாதையின் கோட்டுக்கு அப்பால் விழுந்தது என்று வெண்கலம் பறிபோனது. இருபத்தைந்து சுற்று. ஆயிரக்கணக்கான அடிகள். அதில் ஒன்று. வெண்பாவில் ஒரு தளை தட்டினால் பாட்டே வெண்பா இல்லை என்பார் எங்கள் தமிழையா. அது சரிதான் என்று எனக்குத் தெரியும். அன்று மட்டும் அந்த விதி நெஞ்சை அறுத்தது.

கோவிலை விட்டு வரும்போது கொடுங்கையை அண்ணாந்து பார்த்தேன். மரச்சட்டம், அதில் அறைந்த ஆணி, வளைத்துக் கட்டிய கயிறு எல்லாமே கருங்கல். நம்பாத வெள்ளைக்காரன் ஒருவன் மரமா கல்லா என்று பார்க்கத் துப்பாக்கியால் சுட்டதாகச் சொல்லி ஓட்டையைக் காட்டுவார்கள். ஓட்டையைச் சுற்றி விளிம்பு கூர்மையாகவே இருக்கிறது. அதற்கு ஒரு முழம் தள்ளிச் சிற்பியின் ஆணித்தலைகள் அதே இடைவெளியில் வரிசை கலையாமல் தொடர்கின்றன. கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். அதன் முன்னால் படைகல்லில் கொட்டிய புழுங்கல் சோற்றின் ஆவிதான் இங்கே நைவேத்தியம். ஆவி ஏறி, மெலிந்து, காணாமல் போகும்வரை கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே வெயில் வந்துவிட்டது. பையன்கள் போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் மதகுக் கட்டையருகே குந்தியிருந்தான், வெறுங்கால்காரன். தேங்காய்ச் சிரட்டையில் சுண்ணாம்பு கரைத்து, விரலால் தொட்டு, மழையில் மங்கிப்போயிருந்த கோட்டை மறுபடியும் இழுத்துக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் வளைந்ததும் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டான்.